பிரசவத்துக்கு முன் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றச் சொல்கிறார்கள், ஏற்றலாமா?

வட மாவட்டம் ஒன்றின் சிறுநகரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மனைவிக்கு 27 வயது, இரண்டாவது பிரசவம், இப்போது 31-வது வாரம். முதல் குழந்தைக்கு இன்னும் இரண்டு வயது முடியவில்லை. கர்ப்பத்துக்கு முன் மனைவியின் எடை 50 கிலோ, ரத்த வகை ஓ பாசிட்டிவ். போன வாரம் ஹீமோகுளோபின் 7.8 என்று வந்திருக்கிறது. சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிட்டாலே குமட்டுகிறது என்று பாதிக்குமேல் சாப்பிடவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, படுத்தால் சிரமம் இல்லை.

அவர்கள் பார்க்கும் நர்சிங் ஹோமில், "இந்த வாரமே இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றிவிடலாம், இரண்டு டோனரோடு வாருங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். இவருக்கும் ஓ பாசிட்டிவ் என்பதால் தானே கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறார். மனைவியின் தம்பியும் தயார். "வெளி ரத்தத்துக்குச் சொந்த ரத்தம் மேல், அதுவும் சூடு ஆறாத ரத்தம்னா உடம்பில் நல்லா ஒட்டும்" என்கிறார் மாமியார். வாசலில் ஒருவர், பாட்டிலுக்கு 4,000 ரூபாய் கொடுத்தால் ஆள் பிடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். "மறுத்தால் பிரசவத்தில் ஏதாவது ஆகிவிடுமோ, ஏற்றினால் நோய் ஏதும் வந்துவிடுமோ, இரண்டுக்கும் பயமாக இருக்கிறது" என்று கடிதம் முடிகிறது.

சகோதரரே, உங்கள் இரண்டு பயங்களும் நியாயமானவை. உங்கள் மனைவியை நான் பரிசோதிக்கவில்லை, கடிதத்தில் உள்ளதை வைத்தே சொல்கிறேன். நீங்கள் எழுதியபடிதான் நிலைமை என்றால், இந்த வாரம் அவருக்குத் தேவை ரத்தம் அல்ல, இரும்புச்சத்து. அதை ஊசி வழியாக, தாமதிக்காமல் கொடுக்க வேண்டும். பிரசவ நாளன்று அவருக்குப் பொருந்தும் ரத்தம் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது தனி வேலை. அந்த ஏற்பாட்டை நீங்கள் கட்டாயம் செய்ய வேண்டும். ஆனால் ரத்தத்தை ஏற்பாடு செய்து வைத்ததாலேயே அதை ஏற்றித் தீர்க்க வேண்டும் என்பதில்லை.

7.8 என்ற எண்ணை முதலில் உறுதி செய்யுங்கள். பல இடங்களில் இன்னும் விரல் நுனியில் குத்தி, கண்ணால் நிறம் பார்த்து அளக்கும் சாலி முறைதான் இருக்கிறது. அதில் ஒரு கிராம் இப்படியோ அப்படியோ போவது சாதாரணம். நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து, தானியங்கிக் கருவியில் முழு ரத்த அணுப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அதிலேயே எம்.சி.வி. என்று ஒரு அளவு வரும். சிவப்பணு சிறுத்திருந்தால் அது 80-க்குக் கீழே காட்டும், பெரும்பாலும் இரும்புக் குறைவுதான் காரணம். கூடவே, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்க்க முடிந்தால் நல்லது. 30-க்குக் கீழே இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் மரபுக்கூறு இருந்தாலும் அணுக்கள் சிறுத்துத்தான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கும் எச்.பி.எல்.சி. பரிசோதனையை ரத்தம் ஏற்றுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். ஏற்றிவிட்டால் டோனரின் அணுக்களும் கலந்து வரும், சுமார் மூன்று மாதத்துக்கு முடிவை நம்ப முடியாது. மனைவிக்கு அந்தக் கூறு இருப்பது தெரிந்தால் உங்களுக்கும் உடனே பார்க்க வேண்டும். பலரும் தவறவிடும் இடம் இது.

இரும்பா, ரத்தமா?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் கர்ப்பிணிக்கு 7 முதல் 9.9 வரை நடுத்தர ரத்தசோகை, 7-க்குக் கீழே போனால்தான் கடுமையானது. இந்திய மகப்பேறு மருத்துவர்களின் வழிகாட்டுதல்படி, 34 வாரத்துக்கு முன் நிலையாக இருக்கும் கர்ப்பிணிக்கு ரத்தம் ஏற்றும் எல்லை 5. 5-க்கும் 7-க்கும் நடுவில் இருந்தால், இதயம் திணறும் அறிகுறியோ ரத்தப்போக்கோ இருந்தால் மட்டும். 34 வாரம் தாண்டிவிட்டால், பிரசவம் நெருங்கிவிடுவதால், எல்லை 7 ஆகிறது. உங்கள் மனைவி 31-வது வாரத்தில் 7.8-ல் இருக்கிறார். படி ஏறும்போது மட்டும் மூச்சு வாங்குவது இந்த மாதத்தில் ரத்தசோகை இல்லாதவர்களுக்கும் உண்டு. ஆனால் படுத்தால் மூச்சு முட்டுவது, சும்மா இருக்கும்போதே நெஞ்சு படபடப்பது, கால் வீக்கத்தோடு இருமல் வருவது இவற்றில் ஏதாவது தோன்றினால் இந்தக் கணக்குகள் பொருந்தாது, அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

"எதற்கு ரிஸ்க், ஏற்றிவிட்டால் முடிந்ததே" என்று தோன்றலாம். ஒரு யூனிட் சிவப்பணு, அதாவது நீங்கள் சொல்லும் ஒரு பாட்டில், பெரியவர் ஒருவருக்கு ஏறத்தாழ 1 கிராம் உயர்த்தும். இரண்டு ஏற்றினால் 7.8 என்பது 10-ஐ ஒட்டி வரும். ரிப்போர்ட் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒரு யூனிட்டில் இருக்கும் இரும்பு 200 முதல் 250 மில்லிகிராம், அதுவும் அந்த அணுக்கள் ஆயுள் முடிந்து உடையும்போதுதான் உடம்பின் கைக்கு வரும். உங்கள் மனைவிக்கு வேண்டியதைக் கணக்கிட ஒரு வழி உண்டு: எடை 50, கர்ப்பிணிக்கு இருக்க வேண்டிய 11-ஐ எட்டக் குறைவது 3.2, இவற்றோடு 2.4-ஐப் பெருக்கினால் 384. சேமிப்புக்காக 500 சேர்த்தால் சுமார் 880 மில்லிகிராம். இரண்டு பாட்டிலும் ஏறிய பிறகும் அவர் உடம்பின் இரும்புக் கிடங்கு காலியாகவேதான் கிடக்கும்.

ரத்தம் என்பது திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாமல் இன்றைக்கே ஆபத்து என்னும்போது கொடுப்பது. சத்துக்காகக் கொடுப்பது அல்ல. எண்ணைப் பார்த்து ஏற்றுவதை மருத்துவ உலகம் கைவிட்டு நாளாகிறது. 1999-ல் கனடாவில் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளிடம் செய்த ஆய்வில், 10-க்குக் கீழே போனதும் ஏற்றியவர்களைவிட, 7 வரை பொறுத்தவர்கள் மோசமாகவில்லை. நம்மைப்போல் ரத்தத்துக்குத் தட்டுப்பாடுள்ள உகாண்டாவிலும் மலாவியிலும் குழந்தைகளிடம் செய்து 2019-ல் வெளியான ஆய்வில், ஹீமோகுளோபின் 4-க்கும் 6-க்கும் இடையில் இருந்தும் வேறு ஆபத்து அறிகுறி இல்லாத குழந்தைகளுக்கு, உடனே ஏற்றியதற்கும் கூர்ந்து கவனித்து, தேவைப்பட்டால் மட்டும் ஏற்றியதற்கும் இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை. அதற்காக யாரும் வீட்டில் பொறுத்திருக்கலாம் என்று பொருளில்லை. அந்தக் குழந்தைகள் மருத்துவமனையில் கண்காணிப்பில் இருந்தவர்கள்.

இரும்பு ஊசி விஷயத்துக்கு வருகிறேன். அயர்ன் சுக்ரோஸ் 200 மி.கி.-ஐ 100 மி.லி. நார்மல் சலைனில் கலந்து 15-20 நிமிடத்தில் ஏற்றுவார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஐந்து முறை போட்டால் 1,000 மி.கி. தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இலவசமாகப் போடுகிறார்கள். ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற மருந்து கிடைத்தால் 1,000 மி.கி. வரை ஒரே உட்காரலில் முடிந்துவிடும், தொலைவிலிருந்து வருபவர்களுக்கு அது வசதி. எதைப் போட்டாலும் அவசர மருந்துகளும் மருத்துவரும் இருக்கும் இடத்தில் போட்டு, முடிந்த பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். ஒவ்வாமை அரிது, ஆனால் வந்தால் வேகமாக வரும். ஊசி போடும் நாட்களில் இரும்பு மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள், ஃபோலிக் அமிலத்தை நிறுத்த வேண்டாம். மூன்று நான்கு வாரத்தில் 1.5 முதல் 2 கிராம் ஏறுவதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். உங்களிடம் எட்டு வாரம் இருக்கிறது. நான்கு வாரத்தில் 1 கிராம்கூட ஏறவில்லை என்றால் பி12 குறைவு, தலசீமியா, மூலம், குடற்புழு என்று வேறு காரணம் தேட வேண்டும்.

மாத்திரை விஷயத்தில் மனைவியைக் கோபிக்காதீர்கள். பெரும்பாலும் இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்து விழுங்கி, மேலே ஒரு டம்ளர் டீ குடித்துவிடுகிறார்கள். குமட்டல் மட்டும் மிச்சம், இரும்பு உடம்பில் சேர்வதில்லை. பிரசவத்துக்குப் பிறகு மாத்திரை தொடரும்போது இரவு படுக்கும் முன் எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிடட்டும். கால்சியம், டீ, காபிக்கு இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். மலம் கறுப்பாகப் போவது இரும்பால்தான், பயப்பட ஒன்றுமில்லை.

உங்கள் ரத்தம் உங்கள் மனைவிக்கு வேண்டாம்

வகை ஒன்றாக இருந்தாலும் வேண்டாம். ஓ, பாசிட்டிவ் என்பவை தவிர சிவப்பணுவின் மேல் வேறு பல அடையாளப் புரதங்கள் உண்டு. உங்களிடம் இருந்து மனைவியிடம் இல்லாத ஒன்றுக்கு எதிராக அவர் உடம்பு எதிர்ப்பொருள் உருவாக்கலாம். குழந்தைக்கு அந்த அடையாளம் உங்களிடமிருந்து வந்திருக்கலாம். அப்படி வந்திருந்தால், மனைவியின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகப் போய்க் குழந்தையின் சிவப்பணுக்களை உடைக்கும். குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்ணுக்குக் கணவனின் ரத்தத்தைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான்.

மச்சானுடைய ரத்தத்தில் இருக்கும் ஆபத்து வேறு மாதிரி. நெருங்கிய ரத்த உறவின் வெள்ளையணுக்களை, மரபுக்கூறு ஒத்திருப்பதால், பெறுபவரின் உடம்பு அந்நியமாக அடையாளம் காணாமல் விட்டுவிடலாம். உள்ளே தங்கிய அந்த அணுக்கள் பெறுபவரின் தோல், குடல், எலும்பு மஜ்ஜையைத் தாக்கும். மிக அரிது, ஆனால் வந்தால் அநேகமாக உயிர் தப்புவதில்லை. கதிரியக்கம் பாய்ச்சி அந்த அணுக்களைச் செயலிழக்கச் செய்யும் வசதி பெரிய ரத்த வங்கிகளில் மட்டுமே உண்டு.

மாமியார் சொல்லும் "சூடு ஆறாத ரத்தம்" என்பது பரிசோதிக்காத ரத்தம் என்றுதான் அர்த்தம். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ், மலேரியா இந்த ஐந்தையும் பார்க்காமல் ஒரு பை வெளியே போகக் கூடாது என்பது சட்டம். அதற்கு மணிக்கணக்கில் ஆகும். 2016-ல் வெளியான, 20,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்த ஆய்வில், வங்கியில் இருப்பதிலேயே புதிய ரத்தத்துக்கும் அதிக நாள் இருந்த ரத்தத்துக்கும் இறப்பில் வித்தியாசம் இல்லை. 2 முதல் 6 டிகிரி குளிரில் வைத்த சிவப்பணு, பையில் உள்ள கரைசலைப் பொறுத்து 35 அல்லது 42 நாள் வரை தாராளமாகப் பயன்படும். உங்கள் கையிலிருந்து எடுத்து நேராக மனைவிக்கு ஏற்றலாம் என்று எந்த நர்சிங் ஹோமாவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். உரிமம் பெற்ற ரத்த வங்கிக்கு வெளியே அப்படிச் செய்வது சட்டவிரோதம்.

பரிசோதனையும் நூறு சதவீதக் காப்பு அல்ல. தொற்றிய புதிதில் சோதனையில் தெரியாத சில நாட்கள் உண்டு. மனிதத் தவறும் உண்டு. 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் வெளிவந்த சம்பவம் நினைவிருக்கும்: ரத்தசோகைக்காக ரத்தம் ஏற்றப்பட்ட கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றியது. ரத்தம் கொடுத்தவர் உறவினருக்காகக் கொடுக்க வந்தவர். "வீட்டில் எல்லோரும் பார்க்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது" என்ற நெருக்கடியில் உறவினர் தன் கடந்தகாலத்தை மறைத்துவிடுவது உலகெங்கும் தெரிந்த சிக்கல். யாரும் கட்டாயப்படுத்தாமல் தவறாமல் கொடுக்கும் தன்னார்வ டோனரின் ரத்தமே பாதுகாப்பானது.

நீங்களும் மச்சானும் கொடுக்க விரும்பினால் ரத்த வங்கியில் பொதுவாகக் கொடுங்கள். "இது என் மனைவிக்குப் போகக் கூடாது" என்று படிவம் நிரப்பும்போதே சொல்லிவிடுங்கள்.

ஏற்றியே ஆக வேண்டிய நேரம்

பிரசவத்தில் ரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போனால் மேலே சொன்ன 5, 7 எல்லாம் மறந்துவிட வேண்டும். வேகமாக ரத்தம் போகும்போது முதல் ஒரு மணி நேரத்தில் ஹீமோகுளோபின் அளவு விழுந்திருக்காது, ஏனென்றால் மிச்சமிருப்பதன் அடர்த்தி மாறவில்லை. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், எவ்வளவு ரத்தம் போனது என்பதைப் பார்த்து முடிவெடுப்பார்கள். அந்த நேரத்தில் நீங்கள் மறுக்கவோ, யோசித்துச் சொல்கிறேன் என்று நிற்கவோ கூடாது. 10 கிராமோடு பிரசவத்துக்குப் போகிறவர் தாங்கும் ரத்த இழப்பை 7 கிராமோடு போகிறவர் தாங்க மாட்டார். இப்போதே இரும்பு ஏற்றச் சொல்வது அதனால்தான்.

ஆகவே பிரசவ இடத்தை இப்போதே தேர்ந்தெடுங்கள். இரவு இரண்டு மணிக்கு ரத்தம் தேவைப்பட்டால் எங்கிருந்து, எவ்வளவு நேரத்தில் வரும் என்று நர்சிங் ஹோமில் நேராகக் கேளுங்கள். "நீங்கள்தான் போய் வாங்கி வர வேண்டும், ஒன்றரை மணி நேரம் ஆகும்" என்றால் அது உங்கள் மனைவிக்கு ஏற்ற இடம் அல்ல. 24 மணி நேரமும் ரத்த வசதியும் அறுவை சிகிச்சை வசதியும் கொண்ட அரசு சீமாங்க் மையம் பக்கத்தில் இருந்தால் அதையே நான் சொல்வேன். 36-வது வாரத்தில் ரத்த வகையும் ஹீமோகுளோபினும் மறுபடி பார்த்து, வலி வந்து சேர்ந்ததும் ரத்த மாதிரியை வங்கிக்கு அனுப்பிவைக்கச் சொல்லுங்கள். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் ஆக்சிடோசின் 10 யூனிட் ஊசி, ரத்தப்போக்கு மிகுந்தால் மூன்று மணி நேரத்துக்குள் டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம் — ஒரு பாட்டில் ரத்தத்தைத் தவிர்க்க இவற்றைவிட மலிவான வழி இல்லை. தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது கழித்து வெட்டினால் குழந்தைக்கும் இரும்பு கிடைக்கும்.

ஏற்ற நேர்ந்தால் பக்கத்தில் இருப்பவர் கவனிக்க வேண்டியவை

முழு ரத்தம் வேண்டாம், ரத்தசோகைக்குச் சிவப்பணு மட்டும் போதும். நீண்டநாள் ரத்தசோகை உள்ள கர்ப்பிணிக்கு வேகமாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ரத்தப்போக்கு இல்லாத நிலையில் ஒரு யூனிட் ஏற்றி, மறுபடி பரிசோதித்து, தேவையிருந்தால் மட்டும் அடுத்தது. "எப்போதும் இரண்டு" என்பது பழக்கம், மருத்துவம் அல்ல.

ரத்த வகை மாறிப்போய் உயிர் போகும் சம்பவங்களில் பெரும்பாலும் தவறு ஆய்வகத்தில் நடப்பதில்லை. மாதிரிக் குழாயில் பெயர் எழுதும்போதும், கட்டிலருகே பையை மாட்டும்போதும்தான் நடக்கிறது. ஒரே வார்டில் இரண்டு லட்சுமி இருந்தால் போதும். பையில் உள்ள பெயர், உள்நோயாளி எண், வகை, பை எண், காலாவதி தேதி எல்லாவற்றையும் பொருத்தப் பரிசோதனைச் சீட்டோடு இரண்டு பேர் ஒப்பிட வேண்டும். நோயாளியிடம் "லட்சுமிதானே?" என்று கேட்காமல், "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்க வேண்டும்.

பை வங்கிக் குளிர்பெட்டியைவிட்டு வெளியே வந்து 30 நிமிடத்துக்குள் ஏற்றத் தொடங்க வேண்டும், நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். வெந்நீரில் போடுவது, வெயிலில் வைப்பது, அக்குளில் இடுக்கிக்கொள்வது எல்லாம் அணுக்களை உடைக்கும், கிருமியை வளர்க்கும். வார்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் பிறகு ஏற்றுவதும் தவறு. அதே குழாயில் நார்மல் சலைன் தவிர குளுக்கோஸோ ரிங்கர் லாக்டேட்டோ மருந்தோ போகக் கூடாது. முதல் 15 நிமிடம் மெதுவாகப் போகட்டும், செவிலியர் பக்கத்திலேயே இருக்கட்டும். குளிர் நடுக்கம், காய்ச்சல், இடுப்பு வலி, ஊசி போட்ட இடத்தில் எரிச்சல், மூச்சுத்திணறல், சிறுநீர் சிவந்து போவது என்று எது வந்தாலும் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். வேகத்தைக் குறைத்தால் போதாது. பையைத் தூக்கிப் போட விடாதீர்கள். குழாயோடு பையும் புதிய ரத்த மாதிரியும் வங்கிக்குப் போக வேண்டும். இந்தப் பாதிப்புகளைப் பதிவு செய்யவென்றே 2012 முதல் ஒரு தேசியத் திட்டம் இருக்கிறது.

டோனர், பணம், கையெழுத்து

வாசலில் நிற்பவரைத் திருப்பி அனுப்புங்கள். பணத்துக்கு ரத்தம் விற்பதை உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து 1998 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்துவிட்டார்கள். ரத்தத்துக்கு விலை கிடையாது, பரிசோதித்துப் பாதுகாக்கும் செலவு மட்டுமே. 2022-ல் திருத்திய பட்டியல்படி ஒரு யூனிட் சிவப்பணுவுக்கு அரசு வங்கியில் 1,100 ரூபாய், தனியார் வங்கியில் 1,550 ரூபாய் உச்சவரம்பு. கூடுதல் பரிசோதனைக்குத் தனிக் கட்டணம் வரலாம். ரசீது கேட்டு வாங்குங்கள். டோனர் கொண்டுவந்தால்தான் ரத்தம் என்று நிபந்தனை போடக் கூடாது என்பது தேசிய ரத்தக் கொள்கையின் நிலைப்பாடு. நடைமுறையில் கேட்கத்தான் கேட்பார்கள். சண்டை போட வேண்டாம், மாவட்ட அரசு ரத்த வங்கியை அணுகுங்கள். இ-ரத்த கோஷ் தளத்தில் எந்த வங்கியில் எந்த வகை இருப்பு உள்ளது என்று பார்க்கலாம்.

ரத்தம் ஏற்றும் முன் தனி ஒப்புதல் படிவத்தில் மனைவியே கையெழுத்திட வேண்டும், அவர் நினைவோடு இருக்கும்வரை உங்கள் கையெழுத்து அதற்குப் பதிலாகாது. எதற்காக ஏற்றுகிறார்கள், மாற்று வழி என்ன என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. நர்சிங் ஹோம் மருத்துவரிடம், "இன்னும் எட்டு வாரம் இருக்கே டாக்டர், இரும்பு ஊசி போட்டுப் பார்க்கலாமா? ரத்தத்தைப் பிரசவத்துக்கு ரெடியா வச்சுக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக அவரே சரி என்பார். பிரசவ நேரத்தில் ரத்தம் கிடைக்காமல் திண்டாடிய அனுபவம்தான் பலரை முன்கூட்டியே ஏற்ற வைக்கிறது. மனைவிக்கு நீங்கள் எழுதாத வேறு காரணம் ஏதும் இருந்தால் அதுவும் அப்போது தெரியவரும்.

பிரசவம் முடிந்து வீடு திரும்பும்போது "தெம்புக்கு ஒரு பாட்டில்" என்று யாராவது சொன்னால், ரத்தப்போக்கு நின்று, எழுந்து நடமாடி, 7-க்கு மேல் இருப்பவருக்கு அது தேவையில்லை. 180 நாள் இரும்பு மாத்திரை போதும், ஒத்துக்கொள்ளாவிட்டால் மறுபடி ஊசி. ஒருவேளை ரத்தம் ஏற்ற நேர்ந்திருந்தால் தேதியையும் பை எண்ணையும் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து கர்ப்பமானால் முதல் பரிசோதனையிலேயே அந்தச் சீட்டைக் காட்டி, பாசிட்டிவ் வகையாக இருந்தாலும், சிவப்பணுவுக்கு எதிரான எதிர்ப்பொருள் உருவாகியிருக்கிறதா என்று பார்க்கும் மறைமுகக் கூம்ப்ஸ் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.